கியர் பெட்டிக்குக் காய்ச்சல்

விளக்கு எரிந்தது மகளுடைய பிக்கப்பில். தூக்கம் போனது எனக்கு.

கேமரன் மலைக்குப் பாதி ஏறியிருந்தபோது அவள் அழைத்தாள். சிம்பாங் பூலாய்ப் பக்கமாக மேலே போகும் சாலை. ஈப்போவிலிருந்து கோழி உர மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போய் மலையில் தோட்டக்காரர்களிடம் இறக்குவாள். அங்கிருந்து பூப்பெட்டிகளை ஏற்றிவந்து மாலை கட்டும் கடைகளுக்குப் போடுவாள். போகும்போது ஒரு வாசம், வரும்போது ஒரு வாசம் என்று அவளே சிரித்துக்கொள்வாள். அன்று சிரிக்கவில்லை.

"அப்பா, மீட்டர்கிட்ட ஒரு வெளக்கு எரியுது. பல்சக்கரம் மாரி இருக்கு, நடுவுல தெர்மோமீட்டர்."

"என்ன நெறம்?"

"ஆரஞ்சு."

"நின்னு எரியுதா, மினுக்குதா?"

"மினுக்குது."

"நிமிசத்துக்கு எத்தன தடவ?"

"அப்பா."

நான் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். மானிகளைப் படிப்பதுதான் பிழைப்பாக இருந்தது. எந்த அளவைச் சொன்னாலும் அடுத்த அளவைக் கேட்காமல் இருக்க எனக்கு வராது. ஆனாலும் அன்று எண்ணிக்கையை விட்டுவிட்டு, வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். என்ஜினை அணைக்க வேண்டாம், கியரை நியூட்ரலில் வைத்துவிட்டு அப்படியே ஓடட்டும், எண்ணெய் சுற்றினால்தான் சூடு இறங்கும் என்றேன். வெகுநேரம் கழித்து விளக்கு அணைந்தது. அவள் ஊர்ந்து ஊர்ந்து மேலே போய்ச் சேர்ந்தாள்.

அதற்கு அடுத்த நடையிலும் அதே ஏற்றத்தில் அதே விளக்கு.

மற்ற நாளாக இருந்தால் இது ஒரு வண்டிப் பழுது, அவ்வளவுதான். ஆனால் அந்த வாரம் கமுந்திங்கில் அவள் முன்பு வேலை செய்த மின்னணுத் தொழிற்சாலையிலிருந்து செய்தி வந்திருந்தது. அவளுடைய பழைய சூப்பர்வைசர், ஒரு மலாய்க்கார அம்மாள், இடம் ஒன்று காலியாக இருக்கிறது, திங்கட்கிழமைக்குள் பதில் சொல், உனக்காகப் பிடித்து வைக்கிறேன் என்று எழுதியிருந்தார். மகள் அதை அழிக்கவும் இல்லை, பதில் போடவும் இல்லை.

"கியர் பொட்டிய எறக்கணும்னா நான் கிலாங்குக்கே, அந்தப் பழைய பேக்டரிக்கே, போயிடுறேன்பா," என்றாள் சாப்பிட்டுக்கொண்டே. "பொட்டி திரும்பி வார வரைக்கும் பூக்கட காத்திருக்குமா? வேற ஆளப் பாத்துக்குவாங்க. அப்புறம் வண்டி இருந்து என்ன, இல்லாட்டி என்ன?"

தொழிற்சாலை வேலை கெட்ட வேலை இல்லை. ஆனால் கமுந்திங்கில் இருந்த காலத்தில் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால், நாள் முழுக்க உருப்பெருக்கியில் பார்த்த கண்ணோடு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். பூ வியாபாரம் தொடங்கிய பிறகு சாப்பிடும்போது பேசுகிறாள். மலையில் எந்தத் தோட்டக்காரர் கஞ்சன், எந்தக் கடைக்காரி எந்தப் பூவைப் பார்த்தால் முகம் சுளிப்பாள் என்று ஒரு பட்டியலே வைத்திருக்கிறாள். அந்தப் பேச்சு நின்றுவிடுமோ என்பதுதான் என் கவலை. வண்டி அதற்குப் பிறகுதான்.

வண்டியை என் மச்சானிடம் கொண்டு போனோம். என் மனைவியின் தம்பி; அவரும் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். பழைய ரப்பர் தோட்டத்தில் ரப்பர் பாலை எடை போட்ட கொட்டகை இருக்கிறதே, அதை வாடகைக்கு எடுத்துப் பட்டறையாக வைத்திருக்கிறார். ரப்பர் மரமெல்லாம் போய்ச் சுற்றிலும் எண்ணெய்ச் செம்பனை. மழைக்காலத்தில் மட்டும் அந்தச் சிமெண்டுத் தரையிலிருந்து புளித்த பால் வாடை இன்னும் எழும்பும்.

மச்சான் அளவுக்குச்சியை உருவினார். எண்ணெய் அளவு சரியாக இருந்தது. வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். சிவப்பு கொஞ்சம் மங்கிப் பழுப்பாகியிருந்தது, ஆனால் கருகவில்லை, உலோகத்தூளும் இல்லை.

"கன்வர்ட்டர் லா மச்சான்," என்றார். "என்ஜின் சுத்துறதக் கியர் பொட்டிக்குக் குடுக்குற பாகம், உள்ள வழுக்குது. பொட்டிய எறக்கிப் பாத்துடுவோம்."

"பார்க்காமலே எப்படிச் சொல்ற?"

"எறக்குனா பாத்துடலாம்ல, அதான் சொல்றேன்."

இறக்கிவிட்டால் திங்கட்கிழமைக்குள் ஏறாது. அதனால் முதலில் சூட்டை அளந்து பார்ப்போம் என்றேன். வீட்டில் பெருந்தொற்றுக் காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானி கிடந்தது. அதைச் சட்டைப் பையில் கொண்டு வந்திருந்தேன். கியர் பெட்டியின் அடித்தட்டுக்கு நேரே பிடித்து அழுத்தினேன். எண் எதுவும் வரவில்லை. திரை சிவந்து, பீப் பீப் என்று கத்தியது. மனிதக் காய்ச்சலுக்கு மேல் அதற்குப் படிக்கத் தெரியாது என்பதை நான் யோசிக்கவே இல்லை.

"காய்ச்சல்தான் மச்சான்," என்றார் அவர். "டாக்டர் மாரி எம்.சி. லீவு எழுதிக் குடுங்க, வீட்டுல படுத்து ரெஸ்டு எடுக்கட்டும்."

விளக்கு எரிந்த பிறகு மகள் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தாலும் அந்தச் சிரிப்புக்காகப் பொறுத்துக்கொண்டேன்.

பிறகு இரண்டு கருவிகள் கைக்கு வந்தன. ஒன்று, இணையத்தில் வாங்கிய விரல் நீளச் செருகி. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள துளையில் அதைச் சொருகினால், வண்டியின் மூளைக்குத் தெரிந்ததெல்லாம் கைப்பேசியில் எண்ணாக வந்துவிடும்: கியர் எண்ணெயின் சூடு, என்ஜின் தண்ணீரின் சூடு, எந்தக் கியரில் ஓடுகிறது என்பது வரை. இன்னொன்று, பக்கத்து வீட்டு ஏர்கோன் பழுதுபார்ப்பவரிடம் இரவல் வாங்கிய துப்பாக்கி மாதிரியான வெப்பமானி. அது எவ்வளவு சூட்டையும் படிக்கும்.

செருகியைச் சொருகிக் கைப்பேசியில் முதல் எண் தோன்றியதும் எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. ஓய்வுபெற்ற பிறகு என் முன்னால் எந்த முள்ளும் அசைந்ததில்லை. இப்போது மூன்று எண்கள் ஒன்றாக அசைந்தன.

முதலில் சமதளம். காம்பார் வரை போய்த் திரும்பினோம். மகள் ஓட்டினாள், மச்சான் பக்கத்தில், நான் பின் இருக்கையில் கைப்பேசியோடு. கியர் எண்ணெய் 88, 90, 91. அதற்கு மேல் போகவில்லை.

"நல்லாத்தானே இருக்கு," என்றாள் மகள்.

"சமதரையில எல்லாரும் நல்லவங்கதான்," என்றார் மச்சான்.

மறுநாள் உர மூட்டைகளோடு மலைச்சாலையில் ஏறினோம். நான் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தேன். அடிவாரத்தில் 89. முதல் நீண்ட ஏற்றத்தில் 97. சுண்ணாம்புக் குன்றுகள் கீழே போய் வலப்பக்கம் பள்ளம் திறந்தபோது 104. பிறகு 110. என்ஜின் தண்ணீர் மட்டும் 90-ஐ விட்டு நகரவே இல்லை. ஒரே வண்டி, ஒரே ஏற்றம். ஒன்று ஓடுகிறது, ஒன்று நிற்கிறது. என்னால் உட்கார முடியவில்லை.

"அப்பா, சீட்டுல சாஞ்சு உக்காருங்க. காதுல வந்து கத்தாதீங்க."

"நூத்திப் பதினாலு."

"தெரியும்பா. ஏர்கோனும் போச்சு பாருங்க. இப்படித்தான், மல ஏறுனா ஏர்கோன் சூட்டக் கக்கும்."

"இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீங்க கியர் பொட்டியத்தானே கேட்டீங்க."

118-இல் ஓரமாக நிறுத்தச் சொன்னேன். என்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தோம். அங்கேதான் அது நடந்தது. நின்ற வண்டி, ஏற்றம் இல்லை, சுமை இழுக்கவில்லை. சூடு சரசரவென்று இறங்கியிருக்க வேண்டும். 117. 117. மறுபடி 117. இறங்க மனமே இல்லாமல் உட்கார்ந்திருந்தது.

சுத்திகரிப்பு நிலையத்தில் தொட்டியின் மட்டம் ஏறினால் புதிதாக வந்தவர்கள் வரத்துக் குழாய்க்கு ஓடுவார்கள். நான் முதலில் போக்குக் குழாயைப் பார்ப்பேன். தண்ணீர் அதிகமாக வருவதாலும் மட்டம் ஏறலாம்; போகாமல் நிற்பதாலும் ஏறலாம். நான் மச்சானின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"சூடு கூடுதலா உண்டாகுதுன்னு நெனச்சோம். அது வெளியே போகலன்னு வச்சுக்கோ?"

 மச்சான் இறங்கி முன்மூடியைத் தூக்கினார். "அந்தத் துப்பாக்கியக் கொண்டாங்க," என்றார். "விசிறிகிட்ட கைய விடாதீங்க. சட்டக் கையையும் பாத்துக்கங்க."

இந்த வண்டி முன்பு தெலுக் இந்தானில் செம்பனைப் பழம் ஏற்றிய ஒரு குத்தகைக்காரரிடம் இருந்தது. பாரம் அதிகம் என்பதால் கியர் எண்ணெயைக் குளிர வைக்கவென்று தனியாக ஒரு கூலர், சின்ன ரேடியேட்டர் மாதிரி, முன் கிரில்லுக்குப் பின்னால் கீழ்ப்பக்கம் பொருத்தியிருந்தார். கியர் பெட்டியிலிருந்து சூடான எண்ணெய் ஒரு குழாயில் அங்கே போகும். காற்றுப்பட்டு ஆறி இன்னொரு குழாயில் திரும்பும். மச்சான் இரண்டு குழாய்களையும் தொடாமல் விரலால் காட்டினார். போகும் குழாயில் வெப்பமானியைப் பிடித்தேன்: 109. திரும்பும் குழாயில்: 106.

"மூனா?" என்றார் மச்சான். "சரியாப் பிடிங்க."

மறுபடி பிடித்தேன். மூன்றுதான்.

"திரும்புற குழா சில்லுனு இருந்தா எண்ணெயே போகல, உள்ள அடப்புன்னு அர்த்தம். இது போகுது, வருது. ஆனா ஆறல." அவர் குரல் மாறியிருந்தது. "காத்துப் படல மச்சான். பொட்டிய எறக்க வேணாம்."

மகள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். "நெசமாவா?" என்று என்னைக் கேட்கவில்லை, தன் மாமனைக் கேட்டாள். அவர் "கிரில்லக் கழட்டுனாத் தெரியும்" என்றார். உர மூட்டைகளோடு அப்படியே கீழே திரும்பினோம்.

பட்டறையில் கிரில் வெளியே வந்ததும் மூவரும் ஒன்றாகக் குனிந்தோம். கூலரைக் காணோம். அதாவது, அது இருக்க வேண்டிய இடத்தில் கம்பளித் துண்டு மாதிரி ஏதோ அப்பியிருந்தது. மச்சான் ஒரு மூலையை நகத்தால் கிள்ளி இழுத்தார். அப்பளம் மாதிரி ஒரு தகடாக உரிந்து வந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்தபோது எனக்கு முதலில் நிறம் தெரிந்தது, பிறகு நாரும் நூலும் தெரிந்தன. சாமந்தி இதழ். வேப்பிலை. வாழைநார். இவற்றையெல்லாம் ஒட்டிப்பிடித்துக் காய்ந்த சந்தனமும் மஞ்சளும் விபூதியும். அதன் மேல் கோழி உரத் தூசி, மலை விளக்குகளில் விழும் விட்டில்கள். பின்னால் இருந்த ஏர்கோன் கூட்டிலும் கீழ்ப்பாதி அப்படியே.

மகள் தலையில் கை வைத்தாள். "வெள்ளிக்கெழம மால," என்றாள்.

அவள் பூ வியாபாரம் தொடங்கிய நாளிலிருந்து என் மனைவி வெள்ளிதோறும் பிக்கப்புக்குப் பூசை போடுகிறாள். மிஞ்சிய பூவில் தடிமனாக ஒரு மாலை கட்டி, கிரில்லுக்கு நடுவே வைத்து நாரால் இறுக்குவாள். மஞ்சள் தண்ணீரை வேப்பிலையால் முன்பக்கம் முழுக்கத் தெளிப்பாள். கிரில்லுக்குச் சந்தனம் தட்டுவாள். மாலை வாடிய பிறகும் அவிழ்க்க மாட்டாள். அடுத்த மாலை அதன் மேலேயே ஏறும். ஓடுகிற வண்டி அத்தனையையும் உள்ளே இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

மச்சான் உயர் அழுத்தத் தண்ணீர்க் குழாயை எடுத்தார். நான் மறித்தேன். கூலரின் தகடுகள் தாள் கனம்கூட இல்லை. மடங்கிவிட்டால் அடைப்பு நிரந்தரமாகிவிடும். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மென்மையான தூரிகையால் தகட்டின் போக்கிலேயே தேய்த்து, பின்பக்கத்திலிருந்து தோட்டக்குழாயில் மெல்ல அடிக்க வைத்தேன். "ஆப்பரேசனே பண்ணிடலாம் போல," என்று முணுமுணுத்தபடி செய்தார். தரையில் ஓடிய தண்ணீர் மஞ்சளாக ஓடியது. பூசை முடிந்த கோயில் மாதிரி பட்டறை மணத்தது. எண்ணெயையும் அப்போதே மாற்றினோம்.

உரிந்த தகட்டைச் செய்தித்தாளில் வைத்து வீட்டுக்குக் கொண்டு போனேன். மச்சான் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கக் கூடவே வந்தார்.

மனைவி அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள். "என்னங்க இது, சாணியா?"

"ஒன் மாலதான்க்கா," என்றார் அவள் தம்பி. "வண்டிக்குப் பொட்டு வச்சு பொட்டு வச்சு மூக்க அடச்சுட்ட. மூச்சு முட்டித்தான் காய்ச்சல் வந்திருக்கு."

அவள் குனிந்து ஒரு இதழைத் தொட்டுப் பார்த்தாள். கோபம் வரும் என்று நினைத்தேன். என்ன சொல்லிச் சமாளிப்பது என்று வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன்.

"அந்தப் பனியில, அந்த வளைவுல, ஒத்தப் பொண்ணு போயிட்டு வாரா," என்றாள். "இத்தன நாளும் ஒரு கீறல் இல்லாம வந்தாளா இல்லயா?"

 அதற்கு என்னிடம் எந்த அளவும் இல்லை.

"மாமா, நீங்க சும்மா இருங்க," என்றாள் மகள். "அம்மா, மால வேணும். ஆனா முன்னாடி வேணாம்."

"பின்னாடி கட்டிடுறேன். பின்னாடி வாரவன் கும்பிட்டுக்கிட்டு வரட்டும், இடிக்காம வருவான்ல."

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூட்டைகளோடு மறுபடி ஏறினோம். மறுநாள் திங்கள். அடிவாரத்தில் 87. நான் வாயைத் திறக்காமல் படிப்பது என்று சபதம் எடுத்திருந்தேன். முதல் ஏற்றத்திலேயே உடைந்துபோனது. 90. பள்ளம் திறக்கும் இடத்தில் 93. முன்பு 104 இருந்த இடம். மச்சான் திரும்பிப் பார்த்தார். ஏர்கோன் காற்று முழங்காலில் குளிர்ந்தது. நான் முன்னிருக்கைகளுக்கு நடுவே தலையை நீட்டியிருந்தேன்; இந்தத் தடவை மகள் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு ஒரு லோரி வந்து மாட்டியது. மரக்கட்டை ஏற்றிய லோரி, வளைவுகளில் வேகம் குறைந்து, நேர்ச்சாலையில் மட்டும் நாற்பது ஐம்பதைத் தொடும். முந்த வழியில்லை. 96. 99. 103.

"அப்பா?"

"நூத்தி அஞ்சு."

அவள் முகம் கண்ணாடியில் தெரிந்தது. உதட்டைக் கடித்திருந்தாள். 107.  எல்லாம் வீண், பெட்டிக்குள்தான் பழுது, திங்கட்கிழமை இவள் கமுந்திங்குக்குச் சரி சொல்லப்போகிறாள் என்று அந்த ஒரு வளைவுக்குள் முழுவதும் யோசித்து முடித்துவிட்டேன்.

திரையின் ஓரத்தில் கியர் எண் கண்ணில் பட்டது. நாலு, அஞ்சு, நாலு, அஞ்சு. மெதுவாகப் போகும்போது வண்டி எந்தக் கியரில் நிற்பது என்று தெரியாமல் தாவிக்கொண்டிருந்தது.

"கியர் தாவுது," என்றேன். "நாலுலயும் நிக்க மாட்டேங்குது, அஞ்சுலயும் நிக்க மாட்டேங்குது."

"டி-ல விட்டுட்டியா?" மச்சான் மகள் பக்கம் திரும்பினார். "கையால மூனுக்கு எறக்கு. தாவத் தாவ கன்வர்ட்டர் பூட்டாம வழுக்கும், சூடாக்கும். மூனுல பிடிச்சு வை."

கியர் குச்சியைத் தட்டினாள். என்ஜின் சத்தம் உயர்ந்தது. 107. 107. 106. பிறகு அடுத்த வளைவுக்குள் 103, அதற்கடுத்ததில் 100. லோரி இன்னும் எங்கள் முன்னால் அதே வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. எண் மட்டும் 98-இல் வந்து உட்கார்ந்தது, அங்கேயே இருந்தது.

"இத யாரும் எனக்குச் சொல்லித் தரல," என்றாள் மகள்.

"கார் ஓட்டுற மாரியே ஓட்டிக்கிட்டு இருந்தியா? நல்ல ஆளு லா நீ," என்றார் மாமன்.

மேலே தோட்டத்தில் வண்டியை நிறுத்தினாள். பிளாஸ்டிக் கூரைகளுக்குக் கீழே கண்ணுக்கு எட்டின மட்டும் பூ. என்னிடமிருந்து கைப்பேசியை வாங்கி, விரலால் பின்னோக்கித் தள்ளி எண்களைப் பார்த்தாள்.

"ஒசந்தது 107 தானா?"

"ஆமா. லோரிக்குப் பின்னால."

"வெளக்கு வரல."

"வரல."

தன் கைப்பேசியை எடுத்தாள். சூப்பர்வைசர் அம்மாளின் செய்தியைத் திறந்து, குரல் பதிவுப் பொத்தானை அழுத்தினாள். மலாயில், கேட்டதற்கு மிகவும் நன்றி அக்கா, இடத்தை வேறு யாருக்காவது கொடுங்கள், நான் இங்கேயே இருக்கிறேன் என்று சொன்னாள்.

நான் அவள் பக்கம் குனிந்தேன். "நாளைக்குச் சொல்லியிருக்கலாமே. இன்னும் ஒரு தடவ ஏறிப் பாத்துட்டு, மழையிலயும் ஒரு தடவ..."

"அனுப்பிட்டேன்பா."

மச்சான் பின்கதவைத் திறந்து முதல் உர மூட்டையை இழுத்தார். மகள் தோட்டக்காரரைக் கூப்பிட்டு, வழக்கமாக எடுப்பதோடு வெள்ளைச் சாமந்தியும் வேண்டும், போன நடையில் கொடுக்காமல் விட்ட கடைகளுக்கும் சேர்த்து வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பெட்டிகள் வரிசையாக வெளியே வந்தன. நான் எண்ணத் தொடங்கினேன். முதல் வரிசை முடிவதற்குள், "மச்சான், எண்ணுனது போதும், இந்தப் பக்கம் ஒரு கை பிடிங்க" என்றார் அவர். போய்ப் பிடித்தேன்.